வரப்பெற்றோம்

பழைய சிற்றிதழ் ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் கடைசிப் பக்கங்களைத்தான் புரட்டுவேன். ‘வரப்பெற்றோம்’ என்று ஒரு பகுதி பல இதழ்களில் இருக்கும். ஆசிரியருக்குத் தபாலில் வந்துசேர்ந்த பிற இதழ்கள், புத்தகங்களின் பட்டியல். பெயர், ஆசிரியர், முகவரி, தனிப்பிரதி விலை, ஆண்டுச் சந்தா. சில ஆசிரியர்கள் கூடவே ஒரு வரி எழுதுவார்கள். பலர் அதுவும் எழுதமாட்டார்கள். பக்கத்தின் அடியில் மிச்சமிருக்கும் இடத்தில், பொடி எழுத்தில் அது கிடக்கும்.

ஒரு சிறிய இதழ் இன்னொரு ஊர் வாசகனைச் சென்று தொட்டதற்கு அந்தப் பொடி எழுத்து ஒரு முக்கியமான வழி. கடைக்காரர்கள் தொங்கவிடமாட்டார்கள், ஏஜெண்டுகள் எடுத்தாலும் பணம் ஒழுங்காக வராது, விளம்பரம் கொடுக்கக் காசு கிடையாது. ஆகவே சேலத்தில் இதழ் நடத்துகிறவர் ஒரு பிரதியை நாகர்கோவிலுக்கு அனுப்புவார். நாகர்கோவில்காரர் தன்னுடையதில் ஒன்றைச் சேலத்துக்கு அனுப்புவார். இவர் அவருடைய முகவரியை அச்சிடுவார், அவர் இவருடையதை. அதைப் பார்த்துவிட்டு எங்கோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவோ மணியார்டர் பாரம் வாங்கி நிரப்புவார். அப்படி ஒரு சந்தா சேரும்.

இது நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1792-ல் வந்த அஞ்சல் சட்டம், பத்திரிகை அச்சிடுகிறவர்கள் தங்களுக்குள் ஒரு பிரதியைத் தபால் கூலி இல்லாமல் அனுப்பிக்கொள்ள இடம் கொடுத்தது. ஓர் ஊரின் செய்தி இன்னொரு ஊரின் தாளில் ஏறியது அப்படித்தான். இன்றைக்கு அதே வேலையை ஒரு பட்டன் செய்கிறது. 2017-ல் தொடங்கிய சப்ஸ்டாக், 2022-ல் பரிந்துரை வசதியைக் கொண்டுவந்தது. நீங்கள் ஒருவருடைய மடலுக்குப் பதிவு செய்தால், அவர் பரிந்துரைக்கும் மற்ற மடல்களையும் அது உங்களுக்குக் காட்டும். வரப்பெற்றோம் பகுதிதான், பொடி எழுத்துக்குப் பதில் ஒரு சின்னப் பெட்டி.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் இருக்கிறது. நானும் ஒரு நியூஸ்லெட்டர் நடத்துகிறேன். அதை வளர்க்கச் சக எழுத்தாளர்களிடம் கொடுப்பதைத் தவிர எனக்கும் வேறு வழி இருக்கவில்லை.

*

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. கோட்டாற்றில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் எழுத்துக் கோத்தவர். ஊரில் வந்த சில சிற்றிதழ்களுக்கும் கோத்திருக்கிறார். கதை, கவிதை எதுவும் அவருக்கு நினைவில்லை. “எழுத்தத் தலகீழாப் பாத்துக் கோக்கவனுக்குக் கத எங்க மக்ளே நிக்கும்?” என்பார். ஆனால் இதழ் அச்சாகி வந்த பிறகு நடந்தவை எல்லாம் துல்லியமாக நினைவிருக்கிறது.

“முந்நூறு அடிப்போம். அதுல ஒரு முப்பது எண்ணம் மத்த பத்திரிகைக்காரங்களுக்கும் எழுதுகவங்களுக்கும்னு தனியா எடுத்து வச்சிருவாரு. அதுக்குக் காசு கெடையாது. புக் போஸ்ட்டு. கவர ஒட்டப்பிடாது கேட்டியா, ஒட்டினா லெட்டர் காசு கேப்பான். சும்மா மடக்கிச் செருகணும்.”

ஒட்டாத உறை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்பதுதான் அந்தச் சலுகைக்கான நிபந்தனை. எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடித்திருந்தது.

இந்த மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு. பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி எழுதிய முதல் கவிதை 1959-ல் சென்னையில் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில்தான் வந்தது. அதாவது நாகர்கோவிலின் நவீனக் கவிதையே ஒரு தபால் உறைக்குள் வெளியூர் போய், அச்சாகித் திரும்பி வந்தது. பிறகு இங்கிருந்தே இதழ்கள் கிளம்பின. வனமாலிகை ‘சதங்கை’ நடத்தினார். குமரிக்காரரான ராஜமார்த்தாண்டன் 1976-ல் ‘கொல்லிப்பாவை’யைத் தொடங்கினார். 1988-ல் சுந்தர ராமசாமி ‘காலச்சுவடு’ தொடங்கினார். அது இடையில் நின்று 1994-ல் மறுபடி வந்தது. அதே 1988-ல் திருப்பதிசாரத்துக்காரரான மா. அரங்கநாதன் சென்னையில் ‘முன்றில்’ தொடங்கியிருந்தார். நாஞ்சில் நாட்டில் நெல்லுக்கும் தேங்காய்க்கும் அடுத்தபடி வெளியூருக்கு அனுப்பப்பட்டது சிற்றிதழ்தான் என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொல்வார்.

மாமாவிடம் என் நியூஸ்லெட்டரைப் பற்றிச் சொன்னேன். போனில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எத்தனை பேர் என்று கேட்டார். அப்போது 140 பேர். யார் யார் என்று கேட்டார். சொன்னேன்: கவிஞர்கள், சிறுகதை எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், என்னைப் போலவே மடல் நடத்துகிறவர்கள்.

“செரி. இத எழுதாதவன் எவனாவது படிக்கானா?”

*

கேள்வி சுருக்கென்றது. ஏனென்றால் என் மடலின் கதை இப்படி: தக்கலையில் ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை. தேரூரிலிருந்து இரண்டு பஸ். காலை நாலரைக்கு எழுந்தால் ஆறு வரை எழுதலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஆயிரம் ஆயிரத்து இருநூறு வார்த்தையில் ஒரு கட்டுரை. எல்லாமே இந்த மாவட்டத்தைப் பற்றி. தோவாளையில் ராத்திரி பூ தொடுக்கிற பெண்கள், வடசேரிச் சந்தையில் வாழைக்குலையின் பெயர்கள், வீடுகளில் இல்லாமல் போன அரங்கு அறை. இதற்குப் பணம் கிடையாது. வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது, “அதிகாலைல எந்திச்சு கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுகா?” என்று வருகிறவர்கள் கேட்டால் அம்மாவிடம் பதில் கிடையாது. என்னிடமும் பெரிய பதில் இல்லை. யாரோ படிக்கிறார்கள் என்பது மட்டும்தான். அந்த யாரோ யார் என்பதைத்தான் மாமா கேட்டுவிட்டார்.

முதல் 140 பேரும் வந்தது கை மாற்றித்தான். மடல் எழுதும் நாலைந்து நண்பர்கள் ஒருவர் மடலை இன்னொருவர் தங்கள் மடலின் அடியில் குறிப்பிட்டோம். இது வேலை செய்யும் விதம் எளியது. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் எழுத்தைத் தேடி வரமாட்டார். அவர் ஏற்கெனவே நம்புகிற ஒருவர் “இதைப் படித்துப் பார்” என்றால் வருவார். விளம்பரத்தால் வருகிறவரைவிட அப்படி வருகிறவர் நிற்பார். அவர் வரும்போதே பாதி வாசகராக வருகிறார்.

சிக்கல் என்னவென்றால், சக எழுத்தாளரின் வாசகர்களிலும் பெரும்பாலோர் எழுத்தாளர்கள். அவர்களின் வாசகர்களிலும் அப்படியே. ஒரு கட்டத்தில் ஐந்து மடல்களுக்கும் அதே ஆட்கள். சிற்றிதழ்களும் இந்த இடத்தில்தான் மூச்சுத் திணறின. முந்நூறில் முப்பது பிரதி இலவசம் என்றால் அது பெரிய பங்கு. வாங்கிப் படிக்கக்கூடியவர்களில் நல்ல பாதிப் பேர் அந்த முப்பதுக்குள் இருந்திருப்பார்கள். எல்லோருக்கும் எல்லா இதழும் வந்துசேர்ந்தது, சந்தா மட்டும் வரவில்லை.

*

2023-ல் ஒரு வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். தமிழில் மடல் எழுதும் பதினான்கு பேர். விதி ஒன்றுதான்: ஒவ்வொரு வாரமும் எல்லோரும் எல்லோரையும் பகிர வேண்டும். யார் யாரைப் பகிர்ந்தார்கள் என்று கூகுள் ஷீட்டில் டிக் அடிக்க வேண்டும். இரண்டு வாரம் டிக் விழாவிட்டால் குழுவில் ஒரு கேள்விக்குறி வரும், பெயரோடு.

எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் பணம் வைப்பதைச் சுருள் என்பார்கள். மற்ற ஊர்களில் மொய். சுருளுக்கு நோட்டு உண்டு. யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதி, அந்த நோட்டைப் பீரோவில் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். பத்து வருடம் கழித்து அவர்கள் வீட்டில் விசேஷம் வந்தால் நோட்டை எடுத்துப் பார்த்து, “நமக்கு 501 வச்சிருக்கான், நாம 1001 வைக்கணும்” என்று முடிவாகும். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஒரு ஏழைக் குடும்பம் கல்யாணம் நடத்த அது வட்டியில்லாக் கடன். ஆனால் சுருள் வைக்க வந்தவர் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது இல்லை. நோட்டில் பெயர் ஏறினால் போதும்.

அந்தக் குழுவில் நடந்தது சுருள். படிக்காமலே பகிர்ந்தார்கள். ‘அருமையான மடல், அவசியம் வாசிக்கவும்’ என்ற ஒரே வரி பதின்மூன்று பேருக்கும் போனது. எனக்கும் எண்ணிக்கை ஏறியது. இரண்டு மாதத்தில் 140 என்பது 390 ஆனது. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால் எனக்கு மொத்தத்தை மட்டும் பார்க்கிற பழக்கம் கிடையாது. திறந்து பார்த்தவர்கள் எத்தனை, பதில் எழுதியவர்கள் எத்தனை என்று தனித்தனியாக எழுதி வைத்திருந்தேன். 140 பேர் இருந்தபோது ஒரு மடலுக்கு ஆறு ஏழு பதில் வரும். 390 ஆன பிறகும் அதே ஆறு ஏழுதான், அதே ஆட்கள்தான். புதிய 250 பேரும் பந்திக்கு உட்காராமல் சுருள் வைத்துவிட்டுப் போனவர்கள்.

குழுவிலிருந்து விலகினேன். ஒருவர் தனியாகப் போன் செய்து, “இதெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் செய்றதுதானே, நீங்க என்ன பெரிய இவங்களா?” என்றார். கோபம் வரவில்லை. அவருக்கும் வாசகர்கள் வேண்டும். அவரும் காலையில் எழுந்துதான் எழுதுகிறார்.

சுருளுக்கு வெளியே இன்னொரு கொடுக்கல் வாங்கலும் எங்கள் வீடுகளில் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து சக்கை அவியல் வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஆனால் என்ன போட்டுத் திருப்ப வேண்டும் என்று எந்த நோட்டிலும் இல்லை. முருங்கைக்காய் இருந்தால் நாலு முருங்கைக்காய். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சீனி. எப்போது திருப்ப வேண்டும் என்றும் இல்லை. அவர்கள் கொடுத்ததை நாம் சாப்பிட்டோம் என்பதுதான் அதில் விஷயம். சாப்பிடாமல் பாத்திரத்தைத் திருப்ப முடியாது.

*

நம் எழுத்துலகில் இந்த இரண்டாவது வகையைச் செய்தவர்கள் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து வல்லிக்கண்ணனும் தி.க. சிவசங்கரனும் போஸ்ட் கார்டுக்குப் பெயர் போனவர்கள். எந்த மூலையிலிருந்து எந்தச் சிற்றிதழ் வந்தாலும் படித்துவிட்டு, புதிதாக எழுதுகிற பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரு கார்டு போடுவார்கள். இருவரும் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்கள். கார்டு எழுதும் நேரத்தில் இன்னொரு புத்தகம் எழுதியிருக்கலாம். வல்லிக்கண்ணன் ‘தமிழில் சிறு பத்திரிகைகள்’ என்று ஒரு முழு நூலே எழுதினார். ஒரு வரப்பெற்றோம் பகுதி வளர்ந்து புத்தகமானது என்று அதைச் சொல்லலாம். தாங்கள் படித்ததை அடுத்தவருக்குச் சொன்னார்கள். அவர்கள் சொன்னால் படித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர்தான் அவர்களுடைய முதல்.

நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திக்கொண்டிருந்த சுந்தர ராமசாமி தன் வீட்டில் ‘காகங்கள்’ என்ற பெயரில் நண்பர்களைக் கூட்டினார். எழுதியதை வாசிப்பார்கள், மற்றவர்கள் பேசுவார்கள். சோற்றைக் கண்டால் காகம் தனியாகத் தின்னாது, கரைந்து கூட்டத்தைக் கூப்பிடும். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது.

இவர்கள் சக எழுத்தாளர்களுக்குள் செய்தது. வட்டத்தை விட்டு வெளியே போனவர் செல்லப்பா. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கும்போதே 2000 பிரதிகளுக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று அறிவித்தவர் அவர். அந்த வரம்பை மீற வேண்டிய சங்கடம் அவருக்குக் கடைசி வரை வரவில்லை. 1970-ல் இதழ் நின்றது. ஆனால் அந்த மனிதர் எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அந்தப் பையன்களும் பெண்களும் எழுத்தாளர்கள் இல்லை. பெரும்பாலோர் ஆகவும் இல்லை. வாங்கிய புத்தகத்தைப் படித்தார்கள், அவ்வளவுதான். இலக்கியத்துக்கு அது போதும்.

இரண்டும் வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. சக எழுத்தாளர் கதவைத் திறந்துவிடுவார். ஆனால் அவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடக் கூடாது. கொல்லைக் கதவு வழியாக அந்தப் பக்கத்துத் தெருவுக்கு இறங்க வேண்டும்.

*

குழுவை விட்ட பிறகு நான் செய்வது இவ்வளவுதான். மடலைப் பகிரச் சொல்லி யாரிடமும் கேட்பதில்லை. ஒரு குறிப்பிட்ட கட்டுரையை, அது யாருக்கு உதவும் என்று யோசித்து, ஒரே ஒருவருக்கு அனுப்புகிறேன். ஏன் அவருக்கு என்று இரண்டு வரி எழுதுகிறேன். நான் பகிரும்போதும் அப்படியே. படித்ததில் ஒன்று, அதில் எனக்கு எது பட்டது என்று இரண்டு வரி. பதிலுக்கு அவர் என்னைக் குறிப்பிடாவிட்டால் அதைக் கணக்கு வைப்பதில்லை.

சென்ற வருடம் கடைவரம்பு பற்றி எழுதினேன். பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிந்தது. அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வரும் தண்ணீர் கடைசியாக எட்டும் வயல்களைக் கடைவரம்பு என்போம். மேலே உள்ளவன் நட்டு, களை பறித்து, உரம் போட்ட பிறகும் கடைவரம்புக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இந்தக் கட்டுரையை மட்டக்களப்பில் மடல் எழுதும் ஒரு நண்பருக்கு அனுப்பினேன். அவர் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர். அவருடைய வாசகர்களில் விவசாயக் குடும்பங்கள் அதிகம். அவர் என் பெயரைக்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை. ‘கடைசி வயலுக்குத் தண்ணீர் வராத கதை கன்னியாகுமரியிலும் அதேதான்’ என்று எழுதி இணைப்பைக் கொடுத்தார்.

31 பேர் வந்தார்கள். குழு தந்த 250-உடன் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்த 31 பேரில் 9 பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் எழுதியது: “எங்கட பக்கம் தண்ணிப் பங்கு பாக்கிறதுக்கு வட்டவிதானை எண்டு ஒரு ஆள் இருப்பார். அவர் நல்லவரா இருந்தா கடைசி வயலும் விளையும். உங்கட ஊர்ல அப்படி ஒருத்தர் இல்லையா?” இதற்குப் பதில் தேடித்தான் நான் அடுத்த இரண்டு மாதம் சுசீந்திரம், தேரூர்ப் பக்கத்து வயல்களில் வயதானவர்களைத் தேடி அலைந்தேன். அதுவரை எழுதியதிலேயே உருப்படியான கட்டுரை அப்படி வந்தது. எழுதாத ஒருவர் கேட்ட கேள்வி அது.

மார்த்தாண்டத்துக்காரப் பெண் ஒருத்தி தோஹாவில் நர்ஸ். நைட் ஷிப்டில் படிப்பாளாம். “அக்கா, வாழைக்குலையப் பத்தி எழுதினதுல மட்டி விட்டுப்போச்சே?” என்று கேட்டாள். மட்டிப்பழம் இல்லாமல் குமரி மாவட்டமா? அடுத்த மடலில் மட்டி வந்தது.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். இப்போது 460 பேர். எழுதாதவர்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தவர்கள் 58. “அம்பத்தெட்டா? கொள்ளாமே!” என்றார். பிறகு யோசித்துவிட்டு, “எங்க ஆளுக்கு அவ்வளவு இருந்திருக்காது மக்ளே” என்றார்.

இந்த ஜனவரியில் திருநெல்வேலித் தோழி ஒருத்தி தன் மடலை நிறுத்தினாள். நான்கு வருடம் நடத்தினாள். குழந்தை பிறந்திருக்கிறது, வேலையும் மாறிவிட்டது, முடியவில்லை. கடைசி மடலில் தன் துக்கத்தை எழுதவில்லை. தான் இத்தனை நாள் படித்துவந்த ஆறு மடல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதியிருந்தாள். என்னைப் பற்றி எழுதியதில் ஒரு குறையும் சொல்லியிருந்தாள்: ‘சில சமயம் தகவல் அதிகமாகி ஆட்கள் காணாமல் போய்விடுவார்கள், ஆனாலும் படியுங்கள்.’

அந்தக் குறையோடுதான் அவளுடைய வாசகர்களில் நாற்பது பேர் என்னிடம் வந்தார்கள். தங்கள் ஆள் எழுதுவதை நிறுத்திவிட்ட வருத்தத்தோடு வந்தவர்கள். அவர்களுக்கு அனுப்பிய முதல் மடலை நான் மூன்று முறை திருத்தினேன். கல்யாண வீட்டுக்குச் சமைப்பதுபோல் பயமாக இருந்தது. அனுப்பிய அன்றைக்கே ஒருவரிடமிருந்து பதில் வந்தது. சங்கரன்கோவிலில் மளிகைக்கடை வைத்திருக்கிறாராம்.

“அவங்க சொன்னதால வந்தேன். ரெண்டு மூணு மடல் பாப்பேன். நல்லா இல்லைன்னா போயிருவேன், தப்பா நெனச்சுக்கிடாதீங்க.”

அடுத்த சனிக்கிழமை மூன்றாவது மடல் போக வேண்டும்.